நூல் பிடித்த தூரமும் கடிகாரம் காட்டும் நேரமும்

சங்கராபுரத்திலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று அரை நாள் போய்விடும் என்பார்கள். ஆனால் தேசப்படத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தால் சங்கராபுரத்துக்கும் பெங்களூர் விமான நிலையத்துக்கும் நேர்தூரம் ஏறத்தாழ 200 கி.மீ.தான். பெரிய ஜெட் விமானம் ஒன்று முழு வேகத்தில் பறந்தால் இந்தத் தூரத்தைக் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். சாலைக்கு மலை குறுக்கிடுகிறது, ஆறு குறுக்கிடுகிறது, ஊர்கள் குறுக்கிடுகின்றன. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குக் கல்வராயன் மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நேராகப் போனால் அருகிலிருக்கும் ஊருக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும்.

ஆகாயத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. அப்படியானால் விமானம் எப்போதும் நேராகப் போகலாம் அல்லவா? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைத்துவிடும் அல்லவா? ஏழாம் வகுப்புக் கணக்குதானே என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இந்தச் சிறு கணக்கின் மூன்று உறுப்புகளுமே நம்மை ஏமாற்றக் கூடியவை. ஒரு உண்மையான பயணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

2021 ஜனவரியில் ஏர் இந்தியா நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பெங்களூருக்கும் இடையே நேரடி விமானத்தைத் தொடங்கியது. முதல் விமானத்தை ஓட்டியவர்கள் அனைவரும் பெண்கள். தலைமை விமானி கேப்டன் ஸோயா அகர்வால். போயிங் 777 வகை விமானம். அது வடதுருவத்தின் மேலாக வந்தது என்று பத்திரிகைகள் எழுதின. கலிபோர்னியாவிலிருந்து கர்நாடகத்துக்கு வர வடதுருவத்துக்கு ஏன் போக வேண்டும்?

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைப் பாருங்கள். பெங்களூர் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 38 டிகிரி வட அட்சத்தில். மெர்கேட்டர் முறையில் வரைந்த படத்தில் இவ்விரண்டையும் பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே ஒரு கோட்டால் இணைத்தால், அந்தக் கோட்டின் வழியே தூரம் சுமார் 16,100 கி.மீ. வருகிறது. ஆனால் பூமி சுவரில் தொங்குவதில்லை, உருண்டையாக இருக்கிறது. எனவே பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வாருங்கள். அத்துடன் ஒரு தையல் நூலும் வேண்டும்.

நூலின் ஒரு முனையைப் பெங்களூரில் வைத்துக் கட்டை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மறு முனையைச் சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுங்கள். நூல் தளர்வில்லாமல் இறுகும்போது தானாகவே நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. அந்த நூலை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் பூமியைச் சரிபாதியாகப் பிளக்கும் வட்டமாகும். இதற்குப் பெருவட்டம் என்று பெயர். பூமத்தியரேகை ஒரு பெருவட்டம்; தீர்க்கரேகை ஒவ்வொன்றும் ஒரு பெருவட்டத்தின் பாதி. பூமத்தியரேகையைத் தவிர மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. ஆகவே நேர்கிழக்காகவே போவது, பூமத்தியரேகையில் தவிர, குறுகிய வழியாகாது.

உங்கள் உருண்டையின் விட்டம் 30 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு சுமார் 94 செ.மீ. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. ஆகவே உருண்டையில் ஒரு செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. நூலை எடுத்து அளந்தால் 33 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 14,000 கி.மீ. சுவர்ப் படக் கோட்டைவிட 2,000 கி.மீ.க்கு மேல் மிச்சம்!

மேல்நிலை வகுப்பில் திரிகோணமிதி படிப்பவர்கள் நூல் இல்லாமலே இதைக் கணக்கிடலாம். இரு ஊர்களின் அட்சங்களின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள். பிறகு அட்சங்களின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்க வித்தியாசத்தின் கொசைன் மதிப்பையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் கிடைப்பது, இரு ஊர்களும் பூமியின் மையத்தில் தாங்கும் கோணத்தின் கொசைன். பெங்களூர் விமான நிலையம் 13.20 டிகிரி வடக்கு, 77.71 கிழக்கு, சான் பிரான்சிஸ்கோ 37.62 வடக்கு, 122.38 மேற்கு. முதல் பெருக்கம் 0.139. இரண்டாவது, தீர்க்க வித்தியாசம் 159.91 டிகிரி என்பதால் எதிர்க்குறி பெற்று −0.724. கூட்டினால் −0.585. இந்தக் கொசைனுக்கு உரிய கோணம் 125.8 டிகிரி. பெருவட்டத்தில் ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. வீதம் 13,990 கி.மீ. நூலும் சூத்திரமும் ஒத்துப்போவதைக் கவனியுங்கள். சூத்திரத்தை முதலில் சொல்லிவிட்டு நூலை மறந்துவிடும் பாடப் புத்தகங்கள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்போது நூலின் மேல் விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். பெங்களூரில் புறப்பட்டு ஆந்திரம், சத்தீஸ்கர் வழியாக உத்தரப்பிரதேசம் போகிறது. மிர்சாபூருக்கும் அலகாபாத்துக்கும் அருகே, நமது இந்தியத் திட்ட நேரத்தை நிர்ணயிக்கும் 82½ டிகிரி தீர்க்கரேகையைக் கடக்கிறது. பிறகு நேபாளம், திபெத், மங்கோலியா, சைபீரியா. சைபீரியாவின் வடகரையை ஒட்டி 71 டிகிரி அட்சம் வரை ஏறிவிட்டு, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. துருவம் எங்கே? நூல் அதைத் தொடவே இல்லை!

இது ஏன் என்று நம் ஊரிலிருந்தே யோசிப்போம். சங்கராபுரம் ஏறத்தாழ 79 டிகிரி கிழக்குத் தீர்க்கத்தில் உள்ளது. மொட்டை மாடியில் நின்று நேர்வடக்கே பார்த்தால் முதலில் திருவண்ணாமலைப் பக்கம். அப்படியே நேராகப் போய்க்கொண்டே இருந்தால் வடதுருவம். துருவத்தைத் தாண்டியதும் நீங்கள் திரும்பவே இல்லை, ஆனால் இப்போது தெற்கு நோக்கி இறங்குகிறீர்கள்; அதுவும் 101 டிகிரி மேற்குத் தீர்க்கத்தில். கனடாவைக் கடந்து அமெரிக்காவின் நடுவே கான்சாஸ், டெக்சாஸ் மாநிலங்களுக்கு வந்து சேர்வீர்கள். அந்தக் கோட்டில் உள்ள ஊர்களுக்குத்தான் துருவ வழி மிகக் குறுகியது. சான் பிரான்சிஸ்கோ அந்தக் கோட்டுக்கு மேற்கே இருபது டிகிரிக்கு மேல் தள்ளியிருப்பதால் நூல் ஆசியா பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

அப்படியானால் அந்த விமானம் ஏன் துருவப் பாதையில் வந்தது? செய்திகளில் சொன்ன தூரம் சுமார் 16,000 கி.மீ. நூலைவிட 2,000 கி.மீ. கூடுதல். இங்கேதான் ஆகாயத்திலும் மலை குறுக்கிடுகிறது என்பதைப் பார்க்கிறோம்.

விமானம் பத்து, பதினொரு கி.மீ. உயரத்தில் பறக்கிறது. இமயமலையோ ஒன்பது கி.மீ.க்கும் குறைவு. மோதிக்கொள்ளும் என்ற பயம் இல்லை. ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் கால்பங்கு அளவுதான். அதனால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒரு காரணத்தால் இந்தக் காற்று வெளியேறிவிட்டால் பிரயாணிகளின் தலைக்கு மேலே முகமூடிகள் தொங்கும். அவற்றில் பெரும்பாலும் பன்னிரண்டு முதல் இருபது நிமிடங்களுக்குத்தான் ஆக்ஸிஜன் வரும். அதற்குள் விமானி சுமார் மூன்று கி.மீ. உயரத்துக்கு இறங்கிவிட வேண்டும். அங்கே வெறும் காற்றையே சுவாசிக்கலாம். திபெத் பீடபூமியின் சராசரி உயரம் நாலரை கி.மீ.க்கு மேல்! இறங்க இடமே இல்லை. ஆகவே நீண்ட தூர விமானங்கள் பெரும்பாலும் திபெத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

இன்னொன்று. இரண்டு எஞ்சின் கொண்ட விமானம், ஓர் எஞ்சின் நின்றுபோனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்கக்கூடிய விமான நிலையம் எட்டும் தூரத்தில் இருக்கும்படிதான் வழியை வகுக்க வேண்டும். இது ஏட்டளவு விதியல்ல. 2023 ஜூன் 6-ஆம் தேதி டில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. அதில் 216 பிரயாணிகள் இருந்தார்கள். அனைவரும் பத்திரமாக இறங்கினார்கள். 8-ஆம் தேதி வேறு விமானம் வந்து அழைத்துச் சென்றது. அன்று அந்த வழியில் மகதான் இருந்தது தற்செயல் அல்ல. துருவப் பாதையில் இத்துடன் குளிரும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண ஜெட் எரிபொருள் −47 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும்; சில வகை −40-லேயே. எனவே இறக்கைகளில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஆகாயத்தில் நாடுகளின் எல்லையும் உண்டு. 2019 பிப்ரவரி 27 முதல் ஜூலை 16 வரை பாகிஸ்தான் தன் வான்வெளியைப் பெரும்பாலும் மூடி வைத்திருந்தது. டில்லியிலிருந்து மேற்கே போக வேண்டிய விமானங்கள் முதலில் தெற்கே குஜராத் பக்கம் போய், அரபிக்கடல் வழியாகச் சுற்றின. ஜூலை 2-ஆம் தேதி வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 24-ல் இந்திய விமானங்களுக்கு மறுபடியும் அந்த வான்வெளி மூடப்பட்டது. 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பிரயாணம் பதின்மூன்று மணி நேரமாயிற்று. தூரம் என்பதை நூல் மட்டும் தீர்மானிப்பதில்லை.

அடுத்து வேகத்துக்கு வருவோம்.

இந்த வகை விமானம் ஒலியின் வேகத்தில் 0.84 பங்கு வேகத்தில் பறக்கும். ஒலியின் வேகம் எவ்வளவு? வகுப்பில் வினாடிக்கு 340 மீட்டர் என்று படித்திருப்பீர்கள். அது தரைமட்டத்தில். மேலே காற்று −53 டிகிரி குளிரில் இருக்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்லும். வினாடிக்கு சுமார் 297 மீட்டர். அதில் 0.84 பங்கு 250 மீட்டர். அதாவது மணிக்கு 900 கி.மீ. இது காற்றைப் பொறுத்த வேகம். நமக்கு வேண்டியதோ தரையைப் பொறுத்த வேகம்.

ஆடி மாதக் காற்றில் மேற்கே மலையை நோக்கிச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு எதிர்க்காற்றின் சிரமம் தெரியும். ஆனால் இந்த உதாரணத்தை முழுவதும் நம்ப வேண்டாம். சைக்கிளுக்குத் தரையில் பிடிமானம் உண்டு, விமானத்துக்கு இல்லை. வெள்ளத்தில் போகும் பரிசல்தான் சரியான உதாரணம். ஆறு தன்னோடு பரிசலையும் சுமந்துகொண்டே போகிறது. அதுபோல 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம், 150 கி.மீ. வேகத்தில் அதே திசையில் வீசும் காற்றுக்குள் இருந்தால், தரையைப் பொறுத்து 1,050 கி.மீ. வேகத்தில் நகரும். காற்று எதிரே வீசினால் 750 கி.மீ.தான்.

மணிக்கு 150 கி.மீ. காற்று என்றால் கீழே அது புயல். மேலே அது அன்றாட விஷயம். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் காற்றுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். ஜப்பானிய வானிலை விஞ்ஞானி வாசபுரோ ஓயிஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் கட்டுரை வெளியிட்டார். பாவம், யாரும் படிக்கவில்லை! 1944-ல் ஜப்பான் மீது பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டிக்கொண்ட பிறகுதான் மற்றவர்கள் விழித்துக்கொண்டார்கள். நம் தலைக்கு மேலும் ஒன்று உண்டு. ஆனால் அது திசை மாறி வீசுவது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, சுமார் 14 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் காற்றோட்டத்தைப் பற்றி இந்திய விஞ்ஞானி பி. கோட்டேஸ்வரம் 1958-ல் விரிவாக எழுதினார்.

இந்த ஆற்றைத் தெரிந்து பயன்படுத்தினால் என்ன ஆகும்? 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டில்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. அன்றைய செய்திகளின்படி பழைய வழி 13,900 கி.மீ.; புதிய வழி 15,300 கி.மீ. 1,400 கி.மீ. அதிகம். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவு! வகுத்துப் பாருங்கள். மணிக்கு சராசரி 1,055 கி.மீ. வருகிறது. விமானத்தின் சொந்த வேகம் 900 என்றால் மீதி காற்று கொடுத்த நன்கொடை. இத்தகைய விமானம் ஒரு மணி நேரத்துக்கு ஆறேழு டன் எரிபொருளைக் குடிக்கும். இரண்டு மணி நேரம் மிச்சம் என்றால் ஒரு டேங்கர் லாரி நிறைய எரிபொருள் மிச்சம்.

2020 பிப்ரவரியில் ஐரோப்பாவை ஒரு புயல் தாக்கியபோது, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு பயணி விமானம் 4 மணி 56 நிமிடத்தில் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. அது ஒலியை மிஞ்சிவிட்டதா என்றால், இல்லை. காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

போகும்போது காற்று தடுத்தால் வரும்போது உதவும், ஆகவே கணக்கு சரியாகிவிடும் என்று சிலர் நினைப்பார்கள். 9,000 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்றில் 9,000-ஐ 800-ஆல் வகுத்தால் 11¼ மணி. பின்காற்றில் 1,000-ஆல் வகுத்தால் 9 மணி. மொத்தம் 20¼ மணி. காற்றே இல்லாவிட்டால் 20 மணி. கால் மணி நேரம் நஷ்டமே. காரணம் எளிது: நஷ்டப்படும் வேகத்தில் நாம் அதிக நேரம் இருக்கிறோம்.

இந்த இடத்தில் வகுப்பில் தவறாமல் ஒரு கை உயரும். "சார், பூமிதான் கிழக்கே சுற்றுகிறதே! விமானம் மேலே சும்மா நின்றால் போதாதா? ஊர் தானாக வந்துவிடாதா?" நல்ல கேள்வி. சங்கராபுரம் இந்த நிமிடத்தில் கிழக்கு நோக்கி மணிக்கு சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அதன் மேலுள்ள காற்றும், காற்றிலுள்ள விமானமும், நீங்களும் நானும் அதே வேகத்தில்தான் போகிறோம். ஓடும் பஸ்ஸில் நாணயத்தைச் சுண்டினால் அது உங்கள் கைக்கே திரும்பி வருகிறது, பின்சீட்டுக்காரர் மடியில் விழுவதில்லை.

ஆனாலும் சுழற்சிக்கும் காற்றுக்கும் மறைமுகத் தொடர்பு உண்டு. 30 டிகிரி அட்சத்தில் பூமியின் வேகம் மணிக்கு சுமார் 1,446 கி.மீ.தான். நம் பக்கத்துக் காற்று மேலெழுந்து வடக்கே போகும்போது தன் பழைய 1,630-ஐயும் தூக்கிக்கொண்டு போகிறது. அங்கே தரையைவிட அது 180 கி.மீ.க்கு மேல் வேகமாகக் கிழக்கே ஓடும். கோண உந்தம் மாறாத விதிப்படி இன்னும் அதிகமாகவே ஓட வேண்டும். உராய்வும் கலப்பும் அதைக் குறைத்துவிடுகின்றன. ஜெட் காற்றோட்டத்தின் பிறப்பு ரகசியம் இதில்தான் இருக்கிறது.

கடைசியாகக் கடிகாரம். முதல் பெங்களூர் விமானத்தின் அறிவிக்கப்பட்ட நேரம் இது: ஜனவரி 9 இரவு 8.30-க்குச் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பாடு. ஜனவரி 11 அதிகாலை 3.45-க்குப் பெங்களூரில் வருகை. 9-ஆம் தேதி ஏறியவர் 11-ஆம் தேதி இறங்குகிறார். நேராகக் கழித்தால் 31 மணி 15 நிமிடம். இது தவறு, ஏனெனில் இரண்டும் வெவ்வேறு கடிகாரங்கள். நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 5½ மணி முந்தியது. அவர்களுடையது குளிர்காலத்தில் 8 மணி பிந்தியது. வித்தியாசம் 13½ மணி. எனவே அங்கே 9-ஆம் தேதி இரவு 8.30 என்பது இங்கே 10-ஆம் தேதி காலை 10 மணி. அங்கிருந்து 11-ஆம் தேதி அதிகாலை 3.45 வரை 17 மணி 45 நிமிடம். வெளிநாட்டிலிருந்து வருபவரை அழைத்து வர வாடகைக் கார் பேசும் குடும்பங்கள் இந்தக் கணக்கைப் போடாவிட்டால் ஒரு நாள் முழுவதும் விமான நிலைய வாசலில் காத்திருக்க நேரும். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது எப்போதும் அந்தந்த ஊரின் நேரம். அதிகாலை 3.45 என்றால் அதற்கு முந்தின இரவே ஊரிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மார்ச் முதல் நவம்பர் வரை அமெரிக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் அப்போது வித்தியாசம் 12½ மணிதான்.

நம் ஊருக்குள்ளேயே இப்படி ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. இந்தியத் திட்ட நேரம் 82½ டிகிரிக்கு உரியது. சங்கராபுரம் அதற்கு மேற்கே 3½ டிகிரி. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆவதால், இங்கே சராசரியாகச் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, சுமார் 12.14-க்கு. முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் சரியாக வடக்கு-தெற்காகும் நேரத்தைக் குறித்து வாருங்கள். நாளுக்கு நாள் சில நிமிடம் முன்னும் பின்னும் போகும். அது தனிக் கதை.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. சென்னை விமான நிலையம் 13.0 டிகிரி வடக்கு, 80.2 கிழக்கு. லண்டன் ஹீத்ரு 51.5 வடக்கு, 0.5 மேற்கு. முதலில் நூலால் அளந்து, எந்தெந்த நாடுகளின் மேல் நூல் போகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சூத்திரத்தால் சரிபாருங்கள். காற்றைப் பொறுத்த வேகம் 900 கி.மீ., வழிநெடுக மேற்கிலிருந்து 60 கி.மீ. காற்று என்று வைத்துப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் தனித்தனியே காணுங்கள். 30 செ.மீ. உருண்டையில் நூல் ஏறத்தாழ 19½ செ.மீ. வர வேண்டும், தூரம் சுமார் 8,230 கி.மீ. போக 9 மணி 48 நிமிடம், வர 8 மணி 34 நிமிடம்.